கடல் பக்கத்துல இருந்து நடந்து வாங்க பாப்பா

பாப்பா,

நீ வாட்சப்ல அனுப்புன பொங்கல் லிஸ்ட்ட பாத்தேன். காலைல பத்து மணிக்கு தரங்கம்பாடி, பதினொன்னுக்கு திருக்கடையூர், மதியம் வீட்ல சாப்பாடு, சாயந்தரம் பூம்புகார். நல்லா தான் போட்டிருக்க, ஆனா அந்த மொத வரில எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு. அத வாய்ஸ் மெசேஜா அனுப்புனா நீ ஒன்றரை ஸ்பீடுல வச்சு கேட்டுட்டு சரிப்பான்னு ஒரு கட்டைவிரல போட்டு விட்டுடுவ, அதனால உக்காந்து டைப் அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா திருத்தி படிச்சுக்க.

பத்து மணிக்கு போகாத. கார கோட்டை வாசல் வரைக்கும் ஓட்டிட்டு போயி அங்க நிறுத்தாத. எல்லாரும் அதத்தான் பண்றாங்க, வெளில பெரிய வாசல்ல ஒரு போட்டோ, கோட்டை முன்னாடி ஒரு போட்டோ, கடல்ல காலு நனைக்கிறது, வெயில் மண்டைய பொளக்குதுன்னு திரும்பி ஓடி வர்றது. நீ கூட சின்ன வயசுல பாத்ததெல்லாம் அப்படித்தான், சித்தப்பா குடும்பம் வந்தா சாயந்தரம் கூட்டத்தோட போயி சுண்டல் தின்னுட்டு வந்தது, ஸ்கூல் டூர்ல லைன்ல நிக்க வச்சு கூட்டிட்டு போனது. பொறையாறுல பொறந்து வளந்தும் நீ விடியக்காலை தரங்கம்பாடிய பாத்ததே இல்ல, ஏன்னா அப்ப நீ எந்திரிக்கவே மாட்ட.

நான் சொல்றது இதான். நடைய திருப்பி போடு. ஊருக்குள்ள இருந்து கடலுக்கு போகாம கடல்ல இருந்து ஊருக்குள்ள வா. மீன்காரங்க கரைல ஆரம்பிச்சு, கோயில், கோட்டை, ராஜா வீதி, கடைசில அந்த பெரிய வாசல், வாசலுக்கு வெளில டீ. மொத்தமா பாத்தா ரெண்டு கிலோமீட்டர் கூட வராது, ஆனா ரெண்டு மணி நேரம் வேணும், அதுக்கு கொறஞ்சா வேணாம், அதுக்கு பதிலா வீட்லயே இருந்து அம்மாவுக்கு கரும்பு வெட்டி குடுக்கலாம்.

இது எனக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா வேலைல தான். கடலோர கரண்ட் லைன் வேலை எப்படின்னு உனக்கு நான் எப்பவாவது சொல்லி இருக்கேனான்னு தெரியல. காத்துல வர்ற உப்பு தூள் மாதிரி கம்பிய தாங்குற இன்சுலேட்டர் மேல படிஞ்சுகிட்டே இருக்கும், காஞ்ச உப்பு ஒண்ணும் பண்ணாது, பெரிய மழை பேஞ்சா கழுவி விட்டுடும், அதுவும் நல்லது. ஆபத்து எப்பன்னா மார்கழி தை பனில. ராத்திரி பூரா பனி எறங்கி அந்த உப்பு ஈரமாச்சுன்னா அது வழியா கரண்ட் ஊற ஆரம்பிச்சுடும், சர்ர்ருனு சத்தம் கேக்கும், இருட்டுல பாத்தா நீலமா பொறி ஓடுறது தெரியும், அப்புறம் டப்புனு ஃபீடர், அதான் ஊருக்கு கரண்ட் கொண்டு வர்ற லைன், போயிடும். இது எப்பவும் நாலு மணி நாலரை மணிக்கு தான் நடக்கும். ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து கதவ தட்டுவாங்க, நான் சைக்கிள்ல, அப்புறம் அந்த டிவிஎஸ் ஃபிஃப்டில, நேரா கடைசி போஸ்டுக்கு போவேன், கடைசி போஸ்டுன்னா கடல் ஓரம் தானே. கரண்ட நிறுத்தி லைன் கிளியர் வாங்கி, ஏறி துடைச்சு, அரிச்சுப் போன ஜம்பர், அதான் இணைப்புக் கம்பி, அத மாத்தி கட்டிட்டு எறங்கறப்ப பொழுது விடிஞ்சிருக்கும். வண்டிய ஹெல்பர் பையன்கிட்ட குடுத்துட்டு டீக்கு நடந்தே போவேன். அப்படி பழகுனது தான் இந்த நடை. ரிட்டயர் ஆன பிறகும் விடல, டாக்டர் சுகருக்கு நடன்னு சொன்னாரு, நான் ஏற்கனவே நடந்துகிட்டு தான் இருக்கேன் சார்னு சொன்னேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். தை மாசம் சூரியன் ஆறரை மணி வாக்குல வரும், கொஞ்சம் தென்கிழக்கு சாஞ்சு. ஆறு மணிக்கே கரைல இருக்கணும். குட்டிய எழுப்பறது கஷ்டம்னு சொல்லுவ, மீன் காட்றேன்னு சொல்லு எந்திரிச்சுடுவான்.

கரைக்கு போனதும் முதல்ல ஒண்ணும் புரியாது, இருட்டுல மோட்டார் சத்தம் மட்டும் கேக்கும். இப்ப எல்லாம் ஃபைபர் போட் தான், சுனாமிக்கு அப்புறம் நிவாரணத்துல ஊர் ஊருக்கு ஃபைபர் வந்துச்சு, கட்டுமரம் கொறஞ்சு போச்சு, அங்கங்க ஒண்ணு ரெண்டு கெடக்கும், அத குட்டிக்கு காட்டு, மரத்த கயித்தால கட்டுனது தான், ஆணி கிடையாதுன்னு சொல்லு. அதுக்குள்ள போட் ஒவ்வொண்ணா அலைய பாத்து பாத்து நேரம் புடிச்சு கரை ஏறும். அத பாக்க நின்னா போதும், எனக்கே இன்னும் அலுக்கல, பின்னாடி வர்ற பெரிய அலைய திரும்பி பாக்காமலே எப்படி தெரிஞ்சுக்கறாங்கன்னு எனக்கு இப்பவும் புரியல.

ஏலம் விடறது அங்கயே மணல்ல. மீன கொட்டுவாங்க, சுத்தி பொம்பளைங்க அன்னக்கூடையோட நிப்பாங்க, ஏலம் விடற அம்மா குரல் மட்டும் தனியா கேக்கும். முந்நூறு, முந்நூறு, முந்நூத்தம்பது, யாரும் கைய தூக்கறதே தெரியாது, கண்ண சிமிட்டுனா ஏலம் முடிஞ்சுடும். நடுவுல போயி நின்னு மாப்ள போட்டோ எடுக்க கூடாது, அத கண்டிப்பா சொல்லிடு. ஓரமா நின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்ன பாத்தா இன்னும் கரண்டு அண்ணேன்னு தான் கூப்பிடுவாங்க, ரிட்டயர் ஆயிட்டேன்னு சொன்னாலும் எங்க தெருவுல லோ வோல்டேஜ்னு கம்ப்ளெயிண்ட் சொல்லிட்டு தான் விடுவாங்க.

குட்டிக்கு முக்கியமா காட்ட வேண்டியது நண்டு வலை. ஏலத்த விட்டு கொஞ்சம் தள்ளி போட் நிழல்ல உக்காந்து வலைய மடில போட்டு நண்டு பிரிப்பாங்க. நீலக்கால் நண்டு, உயிரோட இருக்கும், வலை நூல ஒரு கொடுக்கால புடிச்சுகிட்டு இன்னொரு கொடுக்க விரிச்சுகிட்டு மொறைக்கும். பிரிக்கிறவரு அவசரப்பட மாட்டாரு. கட்டைவிரலால முதுகு ஓட்ட அமுக்கி புடிச்சுகிட்டு, நூல் எந்தக் கால்ல எந்தப் பக்கம் சுத்தி இருக்குன்னு ஒரு தடவ பாப்பாரு, பின்னாடி துடுப்பு கால்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு கண்ணியா கழட்டி, கடைசில கொடுக்கு, அது விடலன்னா நுனிய மட்டும் பட்டுனு ஒடிச்சு விட்டுடுவாரு. ஒடிஞ்ச நுனிய பொறுக்க ரெண்டு மூணு சின்ன பசங்க எப்பவும் சுத்தி இருப்பானுங்க. நம்ம பயலும் போயி உக்காந்துட்டான்னா கூப்பிடாத. அவனுக்கு தமிழ் சரியா வரலன்னு நீ கவலப்படற, அங்க பாஷை தேவையே இல்ல.

தைல இருந்து பங்குனி வரைக்கும் ஆமை கரை ஏறுற காலம். ராத்திரில வந்து முட்டை வச்சுட்டு போயிடும், விடியறதுக்குள்ள போனா மணல்ல தடம் மட்டும் இருக்கும், டிராக்டர் டயர் போன மாதிரி ரெண்டு பக்கமும் வெட்டு வெட்டா. ஒரு குழில நூறு முட்டை வாக்குல இருக்கும், பொரிக்க ஏழு வாரம் ஆகும், ஃபாரஸ்ட்காரங்க எடுத்துட்டு போயி வேலி கட்டி பொரிக்க வச்சு விடுவாங்க. தடம் பாத்தா தோண்ட விடாத. செத்த ஆமை ஒதுங்கி கெடக்கறதும் உண்டு, அதையும் முன்னாடியே சொல்லி வை. அதுக்கு நம்மள மாதிரி மூச்சு வாங்க மேல வரணும், இழுவலைல மாட்டிகிட்டா மேல வர முடியாது. அவன் கேட்டா மறைக்காம சொல்லு, மூணாங்கிளாஸ் படிக்கிற பையனுக்கு இது புரியும்.

சுனாமி பத்தி நான் எழுத வேணாம். அப்ப நீ சின்னப் பொண்ணு, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸ்க்கு மறுநாள், பௌர்ணமி, எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் எத்தன நாளு வீட்டுக்கு வரலன்னும் தெரியும். போஸ்டு மேல வலை சுத்தி கெடந்தத அறுத்து தான் லைன் இழுத்தோம், அவ்ளோ தான் சொல்லுவேன். மாப்ள கேட்டா நீயே சொல்லிக்க, கரைல நின்னுகிட்டு அங்க இருக்கறவங்ககிட்ட மட்டும் கேக்க வேணாம்னு சொல்லு, வர்றவன் போறவன் எல்லாம் இத்தன வருஷமா அதையே கேட்டு அவங்களுக்கு சலிச்சு போச்சு.

அங்கிருந்து கரை ஓரமாவே மாசிலாமணி நாதர் கோயிலுக்கு வந்துடலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டுனது, 1306னு சொல்லுவாங்க, அப்ப கோட்டைய கட்டுன டென்மார்க்காரன் பேரே இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. எல்லாரும் கோட்டைய தான் பழசுன்னு நெனச்சு வர்றாங்க, கோயில் அதுக்கு முந்நூறு வருஷம் மூத்தது. முன் பக்கத்த கடல் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துகிச்சு, நான் வேலைக்கு சேந்தப்ப பாத்த செவுரு அடுத்த பத்து வருஷத்துல இல்ல. இப்ப திருப்பணி பண்ணி புதுசா எடுத்து கட்டி இருக்காங்க, பெயிண்ட் எல்லாம் பளிச்சுனு இருக்கும், அத பாத்து மூஞ்ச சுளிக்காத, சாமி இருக்கற எடம், பழசாவே கெடக்கணும்னு ஆசப்படறது டூரிஸ்ட்டுங்க மட்டும் தான். அம்மா எண்ணெய் குடுத்து விடுவா, வெளக்குல ஊத்திட்டு வா.

அலை அடிக்காம இருக்க கருங்கல்லு கொட்டி இருக்காங்க பாரு, அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நம்ம கரைல வருஷத்துல பெரும்பகுதி மணல் தெக்க இருந்து வடக்க நகந்துகிட்டே இருக்கும், வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல மட்டும் கொஞ்சம் திரும்பி போகும். குறுக்க ஒரு கல்லு வரிசைய நீட்டுனா தெக்குப் பக்கம் மணல் சேந்து மேடாகும், வடக்குப் பக்கம் வர வேண்டிய மணல் வராம அரிச்சுகிட்டே போகும். அப்ப அந்த வடக்கத்தி ஊர்க்காரன் எங்களுக்கும் கல்லு கொட்டுன்னு கேப்பான், கொட்டுனா அவனுக்கு வடக்க இருக்கறவன். 1934ல மேட்டூர் அணை வந்தப்புறம் காவிரில வர்ற மண்ணும் மேலயே தங்கிடுது, கடைமடைக்கு தண்ணி வர்றதே பெரிய விஷயமா இருக்கறப்ப மணலுக்கு எங்க போறது. மாப்ள இஞ்சினியர் தானே, அவருக்கு இது சுவாரசியமா இருக்கும், கோட்டை கதைய விட இத சொல்லு.

கல்லு மேல ஏறி விளையாட விடாத, பாசி வழுக்கும். கடல்ல எறங்கி குளிக்கவும் வேணாம். கரையில இருந்து பாத்தா அமைதியா தான் தெரியும், கால்ல மணல உருவிகிட்டு போற இழுப்பு எறங்குனா தான் தெரியும்.

அங்க யாராவது உன்கிட்ட வந்து இது ஓசோன் காத்து, நல்லா மூச்ச இழுத்து விடுங்கன்னு சொல்லுவாங்க. ஊரே சொல்லுது, லாட்ஜ்காரன் சொல்றான், ஆட்டோகாரன் சொல்றான். கடல் வாசம்னு நமக்கு மூக்குல ஏறுதே அது ஓசோனே இல்ல, கடல்ல இருக்கற கண்ணுக்கு தெரியாத பாசிங்க வேலைல கெளம்புற ஒரு கந்தக வாயு. ஓசோன நெறய இழுத்தா நுரையீரலுக்கு கெடுதல் தான். ஆனா வாதம் பண்ணாத, ஆமாங்கன்னு சொல்லிட்டு நடந்து வா. காத்து நல்ல காத்து தான், பேரு தான் தப்பு. தைல வாடை கொறஞ்சு மெதுவா கிழக்கால இருந்து கொண்டல் வரும், உடம்புக்கு சொகமா இருக்கும். ஆனி ஆடில வந்தீங்கன்னா மேக்கால இருந்து கச்சான் அடிச்சு கண்ணு பூரா மண்ணு தான்.

இப்ப வெயில் ஏறி இருக்கும், ஏழரை வாக்குல. கோட்டை இன்னும் தொறந்திருக்காது, பரவால்ல, வெளில இருந்து பாத்தா போதும், உள்ள மியூசியம் பாக்கணும்னா இன்னொரு நாள் நான் கூட்டிட்டு போறேன். டேனிஷ்காரங்க 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட எடம் வாங்கி கட்டுனது. மிளகு வேணும், கப்பல் நிறுத்த எடம் வேணும், அதுக்காக வந்தவங்க. நாயக்கர் அவங்க ராஜாவுக்கு தங்கத்துல ஓலை எழுதி அனுப்புனாரு, அது இன்னும் கோப்பன்ஹேகன்ல பத்திரமா இருக்கு. செங்கல்லும் சுண்ணாம்பும் தான், கருங்கல் கோட்டை கெடையாது, ஆனா நானூறு வருஷமா உப்புக் காத்துல நிக்குது. நாங்க மாட்டுன ஜி.ஐ. கம்பி அஞ்சாறு வருஷம் தாங்காது. அத நெனச்சா எனக்கு அந்த கொத்தனாருங்க மேல ஒரு பொறாமையே வரும், அவங்க நம்ம ஊர் ஆளுங்களா தானே இருந்திருப்பாங்க, கப்பல்ல கொத்தனார கொண்டு வந்திருக்க மாட்டான்.

கோட்டை கிட்ட நிக்கறப்ப தான் சீகன்பால்கு கதைய குட்டிக்கு சொல்லணும். சர்ச் வாசல்ல சொல்லாத, கடல பாத்துகிட்டு சொல்லு, ஏன்னா அவரு வந்து எறங்குனது கடல்ல இருந்து. ஜெர்மன் பாதிரியார், டென்மார்க் ராஜா அனுப்பி வச்சாரு, 1706 ஜூலை 9 இங்க வந்தாரு, வயசு 24 கூட முழுசா ஆகல. வந்தவருக்கு தமிழ் ஒரு எழுத்து தெரியாது. என்ன பண்ணாருன்னா திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரயே தன் வீட்ல பள்ளிக்கூடம் நடத்த சொல்லி, சின்ன பசங்களோட பசங்களா தரைல உக்காந்து மணல்ல வெரலால எழுதி பழகுனாரு. அழகப்பன்னு ஒருத்தர் பேச்சு தமிழ் சொல்லி குடுத்தாரு. ரெண்டே வருஷத்துல தமிழ்ல பிரசங்கம் பண்ற அளவுக்கு வந்துட்டாரு. நடுவுல கோட்டை கமாண்டரோட தகராறு ஆகி 1708 கடைசில இதே கோட்டைல நாலு மாசம் அடைச்சு வச்சாங்க, தன் ஆளையே தானே புடிச்சு உள்ள போட்ட கூத்து.

இத கேட்டு முடிச்சதும் பையன் கைல ஒரு குச்சிய குடு. ஈர மணல்ல அ, ஆ எழுத சொல்லு. வீட்ல நோட்டு குடுத்து எழுத சொன்னா அவன் மூஞ்ச தூக்கறான்னு சொன்னியே, இங்க எழுதி பாக்கட்டும். எழுதலன்னாலும் விடு, தாத்தா சொன்னாரேன்னு கட்டாயப்படுத்தாத.

சீகன்பால்கு இங்க நடத்துன பிரிண்டிங் பிரஸ் பத்தி கைடு யாராவது இந்தியாவோட முதல் அச்சகம் இதுதான்னு அடிச்சு விட்டா நம்பாத. கோவாவுக்கு 1556லயே அச்சு எந்திரம் வந்துடுச்சு, தமிழ்ல புஸ்தகம் 1578ல கொல்லத்துல அச்சாகி இருக்கு. இங்க வந்தது 1712ல, ஆனா அப்புறம் நடந்தது பெரிய வேலை. தமிழ் எழுத்த ஜெர்மனில ஹாலேங்கற ஊர்ல வார்த்து அனுப்புனாங்க, அது ரொம்ப பெரிய எழுத்தா போச்சு, பேப்பர முழுங்குச்சு, அதனால சின்ன எழுத்து இங்கயே வார்த்தாங்க. 1715ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாச்சு. பேப்பருக்கு நம்ம பொறையாறு பக்கமே ஒரு பட்டறை போட்டாங்க, நீ டியூஷனுக்கு சைக்கிள்ல போன கடுதாசிப்பட்டறை அதான். எத்தன தடவ அந்த வழியா போயிருப்ப, ஒரு நாளாவது பேரு ஏன் இப்படின்னு கேட்டியா.

அப்புறம் ராஜா வீதி. இங்க தான் நான் சொன்ன திருப்பிப் போட்ட நடையோட லாபம் தெரியும், மாப்ளகிட்ட இத சொன்னா காலைல எந்திரிக்க அவரே ரெடி ஆயிடுவாரு. கடல்ல இருந்து வாசல் பாத்து நடந்தா வெயில் உங்க முதுகுல இருக்கும், வீட்டு தூணு, சர்ச் முகப்பு, கடைசில தெரியற வெள்ளை வாசல், எல்லாத்து மேலயும் வெளிச்சம் நேரா விழும். பத்து மணிக்கு வாசல்ல இருந்து கடல பாத்து நடக்கறவனுக்கு கண்ணு கூசும், எடுக்கற போட்டோல பாதி வெள்ளையா போயிடும்.

வீதில சியோன் சர்ச் 1701ல கட்டுனது, அது டேனிஷ்காரங்களுக்கு. கொஞ்சம் தள்ளி புது எருசலேம் சர்ச், 1718, அது தமிழ் சனங்களுக்குன்னு சீகன்பால்கு கட்டுனது. முகப்புல டென்மார்க் ராஜாவோட முத்திரை இருக்கும் பாரு. கட்டி முடிச்ச அடுத்த வருஷமே அவரு செத்துட்டாரு, 36 வயசு, உள்ளயே தான் அடக்கம் பண்ணி இருக்காங்க. உன் வயசுக்கு மேல நாலு அஞ்சு வருஷம் தான். கதவு தொறந்திருந்தா செருப்ப வெளில விட்டுட்டு போயி பாத்துட்டு வாங்க. கவர்னர் பங்களா, கான்வென்ட், மத்த பங்களாங்க எல்லாம் பாத்துகிட்டே நடந்தா போதும், ஒவ்வொண்ணுக்கும் போர்டு இருக்கு.

அந்த வீதில போஸ்டு ஒவ்வொண்ணும் எனக்கு தெரியும், எதுல ஏறுனா கடல் தெரியும் எதுல ஏறுனா தென்னை மறைக்கும்னு சொல்லுவேன், ஆனா அது உங்களுக்கு எதுக்கு.

1845ல டேனிஷ்காரன் 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டு போயிட்டான், அந்த விலைல வங்காளத்துல இருந்த செராம்பூரும் சேத்தி. இங்கிலீஷ்காரனுக்கு நாகப்பட்டினம் இருந்துச்சு, ரயில மொதல்ல அங்க போட்டான், கப்பல் அங்க போயிடுச்சு, இங்க வியாபாரம் படுத்துடுச்சு. படுத்ததுனால தான் வீதி அப்படியே தப்பிச்சுது, வளந்திருந்தா இடிச்சு காம்ப்ளக்ஸ் கட்டி இருப்பாங்க. நமக்கு ரயில் 1926ல தான் வந்துச்சு, மாயவரத்துல இருந்து தரங்கம்பாடி வரைக்கும், அதையும் 1986ல நிறுத்திட்டாங்க. நான் ஐ.டி.ஐ. படிக்க அதுல தான் போனேன், ஓடுற ரயில்ல ஏறி எறங்கலாம், அவ்ளோ மெதுவா போகும், திருக்கடையூர் தாண்டறப்ப வயல்ல வேலை செய்யறவங்க பேரு சொல்லி கூப்பிடுவாங்க. திரும்ப விடப் போறதா வருஷா வருஷம் பேச்சு அடிபடும்.

வாசல்ல 1792னு வருஷம் போட்டிருக்கும், பழைய வாசல எடுத்துட்டு அப்ப திருப்பி கட்டுனது. அதுக்கு அடியில நின்னு ஒரு தடவ திரும்பி பாரு, வீதி நேரா கடல்ல போயி முடியும். பாத்துட்டு வெளில வந்தா டீக்கடை. எந்தக் கடைன்னு கேக்காத, பாய்லர் எது நல்லா கொதிக்குதோ அது. குட்டிக்கு பால் சொல்லு, உனக்கு மெதுவடை, எட்டரைக்கு மேல சூடு இருக்காது. அங்க நான் வண்டியோட நிப்பேன், காரையும் அங்கயே கொண்டு வந்து விட்டுடறேன், நீங்க நடந்த வழியே திரும்பி போக வேணாம். வர்ற வழில சம்பா அறுப்பு ஓடிகிட்டு இருக்கும், மிஷின் நிக்கறத பாத்தா நிறுத்து, பையன் பாக்கட்டும்.

திருக்கடையூர அதுக்கப்புறம் போட்டுக்க, அன்னிக்கு அறுபதாம் கல்யாணம் எத்தன இருக்கோ, கூட்டத்துல பத்து மணின்னா என்ன பன்னெண்டுன்னா என்ன, ஒண்ணு தான். பூம்புகார் மறுநாள்.

ஒரே ஒரு விஷயம், காணும் பொங்கலன்னிக்கு மட்டும் இத வைக்காத. அன்னிக்கு சுத்துப்பட்டு ஊர் மொத்தமும் கடற்கரைல இருக்கும், சின்னப் புள்ளைய தொலைச்சுட்டு மைக்ல கத்துறது தான் வேலையா இருக்கும். மாட்டுப்பொங்கலும் வேணாம், அம்மா விடமாட்டா. போகிக்கு முந்தின நாள் வந்து சேர்ற மாதிரி பாருங்க, போகியன்னிக்கு காலைல போயிடலாம். சென்னை வரைக்கும் எப்படியோ வந்துடுங்க, அங்கிருந்து உழவன் எக்ஸ்பிரஸ்ல புக் பண்ணு, விடியறதுக்கு முன்னாடி மாயவரத்துல எறங்கிடலாம், நான் ஸ்டேஷனுக்கு வந்துடறேன். பொங்கல் டிக்கெட் தொறந்த கொஞ்ச நேரத்துல போயிடும், மறந்துடாத, மாப்ள ஆபீஸ்ல லீவு கன்ஃபார்ம் ஆகட்டும்னு உக்காந்திருக்காத, மொதல்ல போட்டுட்டு வேணும்னா கேன்சல் பண்ணிக்கலாம்.

குட்டிக்கு பழைய டவுசரு ரெண்டு எடுத்துட்டு வா, நல்ல ஷூவெல்லாம் வேணாம், ரப்பர் செருப்பு இங்க வாங்கிக்கலாம். அவன் கால் சைஸ் என்னன்னு மெசேஜ் போடு.

அப்பா